‘செற்’: ஒரு சொல்லுக்குள் இரண்டு சொல்

கலியாண ஆயத்தம் நடக்கிற ஒரு யாழ்ப்பாண வீட்டு விறாந்தையில் அரை மணித்தியாலம் இருந்தால் போதும். “நாள் செற்றாகிட்டுதோ?” “நகைச் செற் எடுத்தாச்சோ?” “சவுண்ட் செற்காரருக்குச் சொல்லியாச்சோ?” “அம்மம்மான்ர பல்லுச் செற்றை எங்க வச்சனியள்?” “பிள்ளைக்கு இந்தக் கலர் செற்றாகாது, வேற எடுங்கோ.” ஐந்து பேச்சிலும் ஒரே சொல். ஆனால் ஐந்திலும் ஒரே பொருளில்லை. அதோடு, இந்த ஐந்தில் ஒன்று ஆங்கிலமே இல்லை. அது எது என்று கடைசியில் பார்ப்போம்.

1989இல் 20 தொகுதிகளாக வெளிவந்த ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவு ‘செற்’ என்ற வினைச்சொல்லுக்கு உரியது. 430க்கு மேற்பட்ட பொருள்கள், ஏறத்தாழ 60,000 சொற்களில் விளக்கம். அதற்குப் பிறகு நடந்துவரும் திருத்தப் பதிப்பில் ‘ரன்’ என்ற சொல் 645 பொருள்களோடு அதைத் தாண்டிவிட்டது. கிரிக்கெற் ரசிகர்கள் மகிழலாம். எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களும் 430 பொருளை மனப்பாடம் செய்து வைத்திருப்பதில்லை. உண்மையில் இங்கே இருப்பவை இரண்டே இரண்டு சொற்கள். வேர் வேறு, வந்த வழி வேறு. உச்சரிப்பும் எழுத்தும் ஒன்றாகிப் போனதால் ஒரே கூரையின் கீழ் குடியிருக்கின்றன. இரண்டையும் பிரித்து வைத்துக்கொண்டால் முக்கால்வாசிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

முதலாவது சொல்லைப் பிடிக்க யாழ்ப்பாணத்தாருக்கு ஒரு வசதி இருக்கிறது. வீட்டுக்கு ஆள் வந்தால் நாங்கள் “வாங்கோ, இருங்கோ” என்கிறோம். இங்கே ‘இரு’ என்றால் உட்கார். கைக்குழந்தையைக் கதிரையில் உட்காரவைத்தால் “பிள்ளையை இருத்து” என்கிறோம். இரு தன்வினை, இருத்து பிறவினை. ஆங்கிலத்தில் ‘சிற்’ என்பது இரு. ‘செற்’ என்பது இருத்து. பழைய ஆங்கிலத்தில் ‘சித்தான்’ என்பதிலிருந்து ‘செத்தான்’ என்று பிறவினை செய்தார்கள். அதுதான் தேய்ந்து இன்றைய ‘செற்’ ஆனது. தமிழ் கடைசியில் ஒரு ‘த்து’வைச் சேர்க்கிறது, ஆங்கிலம் நடு உயிரை மாற்றியது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த வகைச் சோடி இதோடு முடியவில்லை. ‘ஃபோல்’ என்றால் விழு, ‘ஃபெல்’ என்றால் மரத்தை விழுத்து. ‘லை’ என்றால் கிட, ‘லே’ என்றால் கிடத்து. ‘ரைஸ்’ என்றால் எழும்பு, ‘ரெய்ஸ்’ என்றால் எழுப்பு. பள்ளிக்கூடத்தில் ‘லை’, ‘லே’ இரண்டையும் குழப்பி அடி வாங்கியவர்கள் கிட, கிடத்து என்று ஒருமுறை சொல்லிப் பார்த்திருந்தால் தப்பியிருப்பார்கள்.

சோடி இன்னும் உயிரோடிருக்கும் இடங்கள் இரண்டு உண்டு. ஒன்று கோழிக்கூடு. அடைக்கோழி முட்டையின் மேல் இருக்கிறது, அது ‘சிற்’. முட்டை வைத்து அதன் மேல் கோழியை இருத்துகிறவர் வீட்டுக்காரர், அது ‘செற்’. 21ஆம் நாள் குஞ்சு வரும். மற்றது பரீட்சை மண்டபம். ஓ.எல். பரீட்சைக்கு இருக்கிற பிள்ளை ‘சிற்’ செய்கிறது. வினாத்தாள் தயாரித்த ஆசிரியர் ‘செற்’ செய்தார். “மாஸ்ரர் செற் பண்ணின பேப்பர் சரியான கஷ்டம்” என்று ரியூசன் வாசலில் கேட்கும் வசனம் ஆங்கில இலக்கணப்படி மிகச் சரி. ஆனால் பிள்ளை ‘பரீட்சையை செற் பண்ணினது’ என்று எழுதினால், பரீட்சைக்குத் தோற்றிய பிள்ளை வினாத்தாள் தயாரித்த ஆளாகிவிடும்.

ஆகவே முதலாவது ‘செற்’றின் கரு இது: ஒன்றை அதற்குரிய இடத்தில், அல்லது நிலையில், அல்லது அளவில் இருத்துவது. இதைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள். பொற்கொல்லர் மோதிரத்தில் கல்லுப் பதிக்கிறார். கல்லை அதன் குழியில் இருத்துகிறார். முறிவு வைத்தியர் விலகிய எலும்பைப் பொருத்திப் புக்கை கட்டுகிறார். எலும்பை அதன் இடத்தில் இருத்துகிறார். எலிப்பொறி வைப்பதும் சாப்பாட்டு மேசையில் கோப்பைகளை அடுக்குவதும் இதே வகைதான். கலியாண நாள் குறிப்பது, விலை நிர்ணயிப்பது, அலாரத்தை 4.30க்கு வைப்பது எல்லாம் ஓர் அளவில் இருத்துவது. கைதியை விடுதலை செய்வது ‘செற் ஃப்ரீ’. ஆளை விடுதலையான நிலையில் இருத்துவது.

தமிழில் இவை ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வினை இருக்கிறது: பதி, பொருத்து, வை, அடுக்கு, குறி, நிர்ணயி. அதனால் ‘செற்’ என்றால் தமிழில் என்ன என்று ஒரே சொல்லில் கேட்பதே பிழையான கேள்வி. எதை என்று முதலில் கேளுங்கள். கல்லையா, எலும்பையா, நாளையா? பதில் தானாக வரும்.

‘புற்’ என்பதும் வைப்பதுதானே என்று சந்தேகம் வரலாம். புத்தகத்தை மேசையில் போட்டுவிட்டுப் போவதற்கு ‘புற்’ போதும். ‘செற்’ என்றால் கவனமும் நோக்கமும் சேர்ந்திருக்கும். வைத்தது வைத்த இடத்தில் நிற்க வேண்டும். மணிக்கூட்டைச் சுவரில் மாட்டுவது ‘புற்’, அதன் முள்ளைச் சரியான நேரத்துக்குத் திருப்புவது ‘செற்’. ஒரு பொருளை வைப்பதில் சந்தேகம் வந்தால் ‘புற்’ எழுதுங்கள், பெரும்பாலும் பிழை வராது.

தீ மூட்டுவதில் மட்டும் ஒரு பொறி. ‘செற் ஃபயர் ரு த ஹவுஸ்’ என்றும் ‘செற் த ஹவுஸ் ஒன் ஃபயர்’ என்றும் இரண்டு வழி உண்டு. நம் பிள்ளைகள் இரண்டையும் கலந்து, ‘ரு’வை விட்டுவிட்டு ‘செற் ஃபயர் த ஹவுஸ்’ என்று எழுதுவார்கள். ‘வீட்டுக்கு நெருப்பு வைத்தான்’ என்று தமிழில் சொல்லும்போது வருகிற ‘க்கு’தான் அந்த ‘ரு’. அதை விட்டால் வசனம் நொண்டும்.

இதுவரை ஒருவர் ஒன்றை இருத்தினார். இனி, பொருள் தானே இருந்துவிடும் இடங்கள்.

பனங்கட்டி செய்கிறவர்களைப் பாருங்கள். சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறக்கிய கருப்பநீரைக் காய்ச்சிக் காய்ச்சிப் பாணியாக்கி, பதம் வந்ததும் பனையோலைக் குட்டானில் ஊற்றி விடுவார்கள். ஆறும்போது அது தானே இறுகிக் கட்டியாகிவிடும். இந்த இறுகுதல் ஆங்கிலத்தில் ‘செற்’. முட்டியில் சுண்ணாம்பு குறைந்தால் நீர் புளித்துவிடும், சீனி உடைந்துபோகும், எவ்வளவு காய்ச்சினாலும் பாணி கட்டியாகாது. ‘இற் டிட்ன்ற் செற்’. ஊற்றியவர் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டார். மிச்சத்தைப் பாணிதான் செய்ய வேண்டும். அதனால்தான் இந்தப் பொருளில் எழுவாய் பாணி, ஜெலி, சீமெந்து என்று பொருளாகவே இருக்கும்.

ஜெலி செய்கிறபோது இந்தச் சொல் அடிக்கடி காதில் விழும். ஜெலற்றின் போட்ட ஜெலிக்குள் பச்சை அன்னாசித் துண்டோ பப்பாசிப்பழமோ போட்டால் அது விடியும்வரை குளிர்சாதனப் பெட்டியில் இருந்தாலும் செற்றாகாது. அந்தப் பழங்களில் உள்ள நொதியங்கள் ஜெலற்றினின் புரதத்தை அறுத்துவிடும். பழத்தை அவித்துப் போட்டால் நொதியம் செத்துவிடும், ஜெலி உறையும். கடற்பாசியில் செய்தால் இந்தத் தொல்லை இல்லை. அது புரதமல்ல, அறை வெப்பத்திலேயே உறையும்.

சீமெந்து வேலையில் இந்தச் சொல்லைப் பிழையாக விளங்கினால் காசு போகும். சீமெந்து செற்றாவது காய்வது அல்ல. தண்ணீரும் சீமெந்தும் சேர்ந்து நடக்கிற இரசாயன மாற்றம் அது. தண்ணீருக்குள் போட்டாலும் செற்றாகும். குழைவு போய் வடிவம் மாறாத நிலைக்கு வருவது ‘செற்’. அதன் பிறகு நாள்கணக்காகப் பலம் ஏறுவது ‘ஹார்டன்’. இரண்டும் வேறு. கொங்கிறீற்றின் பலத்தை வழக்கமாக 28ஆம் நாளில்தான் சோதிப்பார்கள். தட்டுப் போட்ட அடுத்த நாள் காலையில் அதன் மேல் நடக்கலாம் என்பது செற்றானதற்குச் சாட்சியே தவிர, பலம் வந்ததற்குச் சாட்சியல்ல. அதனால்தான் ஒரு கிழமையாவது தண்ணீர் கட்டி நனைய விட வேண்டும். பின்னேரம் மிஞ்சிய கலவை இறுகத் தொடங்கியதும் தண்ணீர் ஊற்றித் திரும்பக் குழைத்துப் பூசுகிற பழக்கம் இருக்கிறதே, அது ஏமாற்று. ஏற்கெனவே உண்டான பிணைப்புகளை உடைத்துவிட்டுப் பூசினால் பிறகு அந்தப் பூச்சு உதிரும்.

சூரியனும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். காரைநகர் கசூரினா கடற்கரையில் பொழுதுபடுவதைப் பார்க்கிறவர்களுக்கு ‘த சண் செற்ஸ்’ என்பது வினோதமாகத் தோன்றலாம். சூரியனை யார் எங்கே இருத்துகிறார்கள்? பழைய ஆங்கிலத்தில் சூரியன் மறைவதற்கு ‘செத்ல்காங்’ என்று ஒரு சொல் இருந்தது. ‘செத்ல்’ என்றால் இருக்கை. சூரியன் தன் இருக்கைக்குப் போகிறது. பகல் முழுக்க அலைந்தவர் சாய்மனைக் கதிரையில் வந்து சாய்வது போல ஒரு படம். தமிழும் ‘பொழுது சாயுது’ என்கிறது.

இனி இரண்டாவது சொல். இது இருத்துவதோடு தொடர்பில்லாத வழியில் வந்தது. இலத்தீனில் ‘செக்ரா’ என்றால் ஒருவரைப் பின்பற்றும் கூட்டம். அது பழைய பிரெஞ்சில் ‘செத்’ ஆகி, ஆங்கிலத்துக்குள் வந்து ‘செற்’ ஆனது. சமயப் பிரிவைக் குறிக்கும் ‘செக்ற்’ என்ற சொல் இதன் உடன்பிறப்பு. “அவங்கட செற்றோட சேராத” என்று பெற்றோர் எச்சரிக்கிறபோது, தெரியாமலே அந்தப் பழைய இலத்தீன் பொருளைத்தான் தொடுகிறார்கள். காலப்போக்கில் முதலாவது ‘செற்’றின் நிழலும் இதன்மேல் விழுந்து, ஒன்றாக அமைத்த பொருள்களின் தொகுதி என்ற பொருள் வலுத்தது.

நகைச் செற், தேநீர்க் கோப்பைச் செற், பல்லுச் செற், சவுண்ட் செற் எல்லாம் இந்த வகை. வெறும் கும்பலுக்கும் செற்றுக்கும் வித்தியாசம் உண்டு: செற்றில் ஒன்று குறைந்தால் குறை தெரியும். ஆறு கோப்பையில் ஒன்று உடைந்தால் மிச்சம் ஐந்தும் நல்ல கோப்பைதான், ஆனால் செற் உடைந்துவிட்டது. சந்தையில் குவித்திருக்கிற கத்தரிக்காய் செற் அல்ல. ரேடியோவை ஏன் ‘ரேடியோ செற்’ என்றார்கள் என்பதற்கும் இதுவே காரணம். ஆரம்பத்தில் அது பல பாகங்களைச் சேர்த்து இணைத்த ஒரு தொகுதி. அந்தப் பெயர் பிறகு ரீ.வி.க்கும் ஒட்டிக்கொண்டது.

எங்கள் கணிதப் பாடநூலில் இந்தச் சொல்லுக்கு ‘தொடை’ என்று பெயர். தமிழ்நாட்டில் ‘கணம்’. பத்தாம் வகுப்பில் “இண்டைக்குத் தொடை படிப்பம்” என்று ஆசிரியர் சொன்னதும் பின்வாங்கில் சிரிப்பு எழுவது வழக்கம். ஆனால் சொல் நல்ல சொல். பூவைத் தொடுத்தால் தொடை. செய்யுளில் மோனைத் தொடை, எதுகைத் தொடை உண்டு. இன்னின்ன உறுப்புகள் இதில் சேரும் என்று ஐயமில்லாமல் சொல்லக்கூடியதாக இருந்தால் அது தொடை. ‘யாழ் மாவட்டத்தின் உயரமான ஆட்கள்’ என்பது தொடையல்ல, யார் உயரம் என்று ஆளுக்கொரு கணக்கு இருக்கும். ‘180 சென்ரிமீற்றருக்கு மேற்பட்டவர்கள்’ என்றால் தொடை.

பூமாலைக்கும் கணிதத் தொடைக்கும் ஒரு வேறுபாடு. மாலையில் வரிசை முக்கியம், ஒரே பூ பலமுறை வரலாம். கணிதத் தொடையில் வரிசைக்கு இடமில்லை, ஒரே மூலகம், அதாவது உறுப்பு, இரண்டு தரம் எண்ணப்படாது. யாழ்ப்பாணத்தின் ஆங்கிலப் பெயரை எழுதிப் பாருங்கள்: ஜே, ஏ, எஃப், எஃப், என், ஏ. எழுத்து ஆறு. அவற்றின் தொடையில் மூலகம் நான்கு: ஜே, ஏ, எஃப், என். பரீட்சையில் ஆறு என்று எழுதிப் புள்ளியை இழப்பவர்கள் வருடாவருடம் உண்டு. பைதன் கணினிமொழியில் ‘செற்’ என்ற தரவு வகையும் இதே விதிப்படிதான் நடக்கிறது. ஒரு பட்டியலில் திரும்பத் திரும்ப வந்த பெயர்களைக் களைய அதைச் செற்றாக மாற்றினால் போதும்; ஆனால் வரிசை குலைந்தால் கோபிக்கக் கூடாது.

இரண்டு சொல்லும் ஒரே இடத்தில் மோதுவதைப் பார்க்க வேண்டுமானால் கரப்பந்தாட்ட மைதானத்துக்குப் போங்கள். ஆட்டத்தின் ஒரு பகுதி ‘செற்’: 25 புள்ளி, குறைந்தது இரண்டு புள்ளி வித்தியாசம், ஐந்தாவது செற் வந்தால் 15. அது தொகுதி. அதே ஆட்டத்தில் அடிக்கிறவருக்கு வாகாகப் பந்தை வலைக்கு மேலே தூக்கிக் கொடுப்பதும் ‘செற்’, கொடுக்கிறவர் ‘செற்றர்’. அது இருத்துதல், பந்தை அடிக்கக்கூடிய இடத்தில் இருத்துகிறார். ஆகவே ‘ஹீ செற் வெல் இன் த தேர்ட் செற்’ என்ற வசனத்தில் முதல் செற் ஒரு சொல், கடைசிச் செற் வேறொரு சொல். இல்ல விளையாட்டுப் போட்டியில் 100 மீற்றருக்கு ‘ஒன் யுவர் மார்க்ஸ், செற்’ என்கிறார்களே, அதுவும் இருத்துதல்தான்: இடுப்பை உயர்த்தி அசையாத நிலையில் நில் என்று கட்டளை. 400 மீற்றருக்கு மேற்பட்ட தனி ஓட்டங்களுக்கு ‘செற்’ கட்டளை கிடையாது.

வடிவம் இலகு, அதுவே ஆபத்து. நிகழ்காலம், இறந்தகாலம், முடிவெச்சம் (‘பாஸ்ற் பார்ற்றிசிப்பிள்’) மூன்றும் ‘செற்’. ‘செற்றட்’ என்று ஒரு சொல் இல்லை. ‘ஷீ செற்ஸ் த ரேபிள்’ என்றால் வழக்கமாக அடுக்குகிறாள். ‘ஷீ செற் த ரேபிள்’ என்றால் அடுக்கினாள். ஒரேயொரு ‘ஸ்’ காலத்தைத் தீர்மானிக்கிறது. ‘ஐ’, ‘தே’ போன்றவற்றோடு அந்த ‘ஸ்’ உதவியும் இல்லை. ‘யெஸ்ரர்டே’, ‘எவ்ரி டே’ என்று காலம் காட்டும் சொல் ஒன்றைச் சேர்க்காவிட்டால் வாசிப்பவர் ஊகிக்க வேண்டியதுதான். ‘இங்’ சேர்க்கும்போது ‘ரி’ எழுத்து இரட்டிக்கும். ஃபோனில் ‘செற்றிங்ஸ்’ தினமும் கண்ணில் படுவதால் இதில் பிழை விடுகிறவர்கள் குறைவு.

பின்னால் ஒரு குட்டிச் சொல் ஒட்டினால் பொருள் பாயும். எல்லாவற்றையும் இங்கே சொல்ல இடமில்லை, தேவையுமில்லை. ‘செற் அப்’ நிறுவுவது. ஆளை மாட்டிவிடுவதும் அதுதான். வினையாக எழுதும்போது இரண்டு சொல், ‘செற்றப்’ என்ற பெயராக எழுதும்போது ஒரு சொல். ‘இற்’ வந்தால் நடுவில் வரும்: ‘செற் இற் அப்’. ‘செற் ஓஃப்’ பயணம் புறப்படுவது, வெடி கொளுத்துவது. கணக்கியலில் ஒரு தொகையை இன்னொன்றுக்கு எதிராகக் கழிப்பது. ‘செற் அசைட்’ காசை ஒதுக்கி வைப்பது. ஆனால் நீதிமன்றம் ஒரு தீர்ப்பை ‘செற் அசைட்’ செய்தால் அது ஒதுக்கி வைப்பதோ ஒத்திவைப்பதோ அல்ல; அந்தத் தீர்ப்பு இல்லாமலாகிவிட்டது. செய்தி மொழிபெயர்க்கிறவர்கள் இங்கே சறுக்கினால் வழக்கில் வென்றவர் யார், தோற்றவர் யார் என்பதே மாறிவிடும்.

‘செற் இன்’ சுவாரசியமானது. ஐப்பசி கடைசியில் மழை பிடித்துக்கொண்டு விடாமல் பெய்தால் ‘த ரெயின் ஹாஸ் செற் இன்’. தொடங்கியது மட்டுமல்ல, இனி இலேசில் போகாது. பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்து மொழியியலாளர் ஜோன் சிங்கிளயர், கணினியில் திரட்டிய உண்மையான ஆங்கில வசனங்களை ஆராய்ந்தபோது ஒன்றைக் கவனித்தார். ‘செற் இன்’ செய்பவை பெரும்பாலும் வேண்டாத விடயங்கள்: அழுகல், விரக்தி, நோய், கெட்ட காலநிலை. அகராதிப் பொருள் வெறும் ‘தொடங்கி நிலைத்தல்’தான், ஆனால் ‘மகிழ்ச்சி செற் இன் ஆனது’ என்று எழுதினால் மகிழ்ச்சிக்கு ஏதோ வருத்தம் பிடித்தது போலக் கேட்கும்.

இனி முதலில் விட்ட புதிர். நாள் செற்றாகியது இருத்துதல். நகையும் பல்லும் சவுண்டும் தொகுதி. “பிள்ளைக்கு இந்தக் கலர் செற்றாகாது” என்பதில் உள்ள ‘செற்’ எங்கள் சொந்தத் தயாரிப்பு. பொருந்தாது, ஒத்துவராது என்ற பொருளில் தமிழர் வாயில் வளர்ந்தது. பேச்சில் அது அழகாகவே இருக்கிறது, இருக்கட்டும். ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும் ‘திஸ் கலர் இஸ் நொற் செற் ஃபோர் ஹேர்’ என்று எழுதினால் வெள்ளைக்காரருக்கு விளங்காது. நிறமோ சேலையோ ஆளுக்கு எடுபடவில்லை என்றால் ‘சூற்’. அளவு பொருந்தவில்லை என்றால், அது இரவிக்கையானாலும் தண்ணீர்ப் பம்பின் வாசரானாலும், ‘ஃபிற்’. சேலைக்கும் இரவிக்கைக்கும் நிறம் ஒத்துவரவில்லை என்றால் ‘மச்’. மாமியும் மருமகளும் ஒத்துவரவில்லை என்றால் ‘கெற் எலோங்’.